ஹியூபேட்டின் வயிறு

ஒரு தடவை கத்தட்டும். அந்தோனியாரே, பெரிய சத்தம் ஒன்றும் வேண்டாம். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்க வேண்டுமென்றுகூட இல்லை. பூனை நித்திரையில் முனகுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், எனக்கு மட்டும் கேட்டால் போதும்.

இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாக்ரெட்டுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வயிற்றைப் பற்றி அவள் அந்தோனியாரிடம் எத்தனையோ தடவை மன்றாடியிருக்கிறாள். எல்லாம் அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான். இன்றைக்குத்தான் முதல்முறையாக அது வாயைத் திறக்கட்டும் என்று கேட்கிறாள். கொச்சிக்கடைக் கோயிலில் காலையிலிருந்து சனங்களின் முறைப்பாடுகளைக் கேட்டுக் களைத்துப்போயிருக்கும் அந்தப் புனிதருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும்.

கட்டிலில் ஹியூபேட் மல்லாந்து படுத்திருந்தார். மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாய் உள்ளே போயிருந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை துறைமுகத்திலிருந்து வந்தவர் போட்டிருந்த சேட்டைக்கூடக் கழற்றாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் சுருண்டு விழுந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது குடல் முறுக்கிக்கொண்டது என்றார்கள். அடுத்த நாள் வயிற்றைத் திறந்து, முறுக்கை எடுத்து, தைத்துவிட்டார்கள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து அவருடைய தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நனைத்த பஞ்சால் அந்த உதட்டைத் துடைத்துவிட மட்டும் மாக்ரெட்டுக்கு அனுமதி இருந்தது. வாட்டு நேர்ஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "நோனா, வத்துர தெண்ட எபா," என்று விரலை ஆட்டிவிட்டுப் போவாள். தண்ணீர் கொடுக்காதே, கொடுக்காதே. வேலியைப் பிரிக்க வந்த ஆட்டை விரட்டுகிற மாதிரி.

காரணத்தை டொக்டர் சிவானந்தன் ஞாயிற்றுக்கிழமையே விளங்கப்படுத்தியிருந்தார். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பொடியன். கண்ணாடி அடிக்கடி மூக்கில் வழுக்கும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகமாட்டார். இவருடைய வயிறு இரைந்ததா, வயிறு இரைந்ததா என்று அவர் வந்து வந்து கேட்டதில் மாக்ரெட்டுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மனுசன் சாகப் பிழைக்கக் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா இது? பிறகு வாய்விட்டே கேட்டுவிட்டாள், வயிறு ஏன் டொக்டர் இரையிறது என்று.

அவர் கட்டிலின் கால்மாட்டில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார். பசி வந்தால்தான் வயிறு சத்தம் போடும் என்று சனம் நினைக்கிறது. அப்படியில்லை. வயிறும் குடலும் எந்த நேரமும் சுருங்கி விரிந்து, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். காற்றும் தண்ணீரும் சேர்ந்து அந்தக் குழாய்க்குள் போகும்போது சத்தம் வரும். உள்ளே சாப்பாடு இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். வெறுமையாக இருந்தால், மிச்சசொச்சத்தைக் கூட்டித் துடைக்க அது ஒரு தடவை பலமாகச் சுருங்கும். அப்போதுதான் வெளியே கேட்கும். காலையில் பைப்பைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் காற்று கடமுடா என்று வருமே, அந்த மாதிரி.

"எங்களுக்குச் சத்தம் பயமில்லை அக்கா. சத்தம் இல்லாததுதான் பயம்," என்றார். "ஒப்பரேஷனிலை கை பட்டால் குடல் மலைச்சுப்போய் நித்திரையாப் போயிடும். அது முழிக்கிற வரைக்கும் ஒரு மிடறு போனாலும் போற வழி இல்லை. வயிறு ஊதும், சத்தி வாந்தி எடுக்கும். தையல் விட்டுதெண்டால் இரண்டாம் தரம் திறக்க இவருக்குத் தெம்பு காணாது."

இன்னொன்றும் சொன்னார். காலையும் மாலையும் தான் வந்து காதுக்குழாய் வைத்துப் பார்ப்பதாகவும், ஆனால் டொக்டர் வருகிற நேரம் பார்த்துக் குடல் இரையாது என்றும், பக்கத்திலேயே இருக்கிறவள் மாக்ரெட்தான் என்றும். அவள் கேட்டேன் என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பிக் கரண்டியால் தண்ணீர் கொடுக்கத் தொடங்குவார்.

அவர் போன பிறகு மாக்ரெட் வெகுநேரம் அந்த வெள்ளைப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் இத்தனை வயிறுகள் இருக்க, கடவுள் ஏன் இந்த வயிற்றை ஊமையாக்கினார்?

ஏனென்றால் ஹியூபேட்டின் வயிறு கொட்டாஞ்சேனை முழுக்கப் பேர்போன வயிறு. துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிளாக்கர்மார் அவரைச் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். சென் லூசியாஸ் கோயிலில் அவர் உட்காரும் வாங்கிற்கு முன்வாங்கில் உட்காருகிற பிள்ளைகள், பிரசங்கம் நீண்டுபோனால், ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருமுறை பிஷப் ஆண்டகை வந்து உறுதிபூசுதல் கொடுத்த அன்று, கோயிலே மூச்சடக்கி நின்ற நேரத்தில் அது ஒரு நீளமான கேள்வியைக் கேட்டது. ஆண்டகை திரும்பிப் பார்த்தார். ஹியூபேட் தன் வயிற்றில் கையை வைத்து, தலையைக் குனிந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். வெளியே வந்ததும் அவருடைய அக்கா றஞ்சிதம் பிடித்துப் பேசினாள். "ஏன்டா, நான் உனக்குச் சோறு தராமலா வளத்தனான்? சனம் என்ன நினைக்கும்?" அம்மா வெள்ளனவே செத்துப்போனதில் ஹியூபேட்டை வளர்த்தது றஞ்சிதம்தான். அதனால் அந்த வயிறு இரைந்தால் அது தன் வளர்ப்பின் மேல் சொல்லப்படுகிற குற்றம் என்றே அவளுக்குப் படும்.

ஆனால் ஆண்டகை வந்த அன்று இரைந்தது ஹியூபேட்டின் வயிறு அல்ல. மாக்ரெட்டின் வயிறு.

அது முதல் தடவையும் இல்லை. முதல் தடவை, சுதந்திரம் கிடைத்த அந்த வருஷம், கல்யாணம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அந்தக் காலத்தில் பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள் முதல்நாள் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணீர்கூட வாயில் வைக்கக்கூடாது. அன்றைக்குப் பாட்டுப் பூசை. நேரம் இழுத்துக்கொண்டு போனது. புதுப்பெண் என்று றஞ்சிதத்துக்கும் ஹியூபேட்டுக்கும் நடுவில் அவளை இருத்தியிருந்தார்கள். குருவானவர் அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்து, கோயில் அமைதியான அந்த நேரத்தில், அவளுடைய வயிறு வெட்கமில்லாமல் வாயைத் திறந்தது. மாக்ரெட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. கன்னியர் மடத்தில் படித்து வளர்ந்த பெண் அவள். பெண்பிள்ளையின் உடம்பு சத்தம் போடக்கூடாது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். நடந்தால் சத்தம் கேட்கக்கூடாது, மென்றால் கேட்கக்கூடாது, சிரித்தால்கூடப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும்தான். நிலம் பிளந்து தன்னை விழுங்கட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முழந்தாளில் நின்ற அந்தப் புது மனுசன், இன்னும் இரண்டு வார்த்தைகூடச் சேர்த்துப் பேசியிராத மனுசன், தன் வயிற்றை மெல்லத் தட்டி, தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவரை முறைத்தாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அது அப்படியே நடந்துவந்தது. மாக்ரெட்டுக்குத் தந்திரங்கள் தெரியும். கைப்பையை வயிற்றோடு அழுத்திக்கொள்வாள், செபமாலையைக் கலகலக்க வைப்பாள், இருமுவாள். அதையும் மீறிச் சத்தம் வெளியே வந்தால் ஹியூபேட்டின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போகும். அவருடைய வயிறும் சும்மா இருக்கிற வயிறு இல்லைதான். ஆனால் ஊர் சிரித்த சத்தங்களில் சரிபாதி அவளுடையவை.

இதைப்பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்தது கிடையாது. ஒருமுறை மட்டும், வெள்ளவத்தையில் றஞ்சிதத்தின் வீட்டுக்குப் போய்விட்டு, பாறைகளுக்கு மேல் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாக்ரெட் தொடங்கினாள். அண்டைக்குக் கோயிலில் நீங்கள் எனக்காக என்று ஆரம்பித்தவளை அவர் முடிக்கவிடவில்லை. "எந்த அண்டைக்கு? என்ர வயிறு எண்டைக்குச் சும்மா இருந்தது?" என்றுவிட்டுக் கையிலிருந்த கடலைச் சுருளைப் பிரித்தார். அவளுக்கு அப்போது கண் கலங்கியது. பிள்ளைகள் இல்லாத வீட்டில், பெரிய வார்த்தைகள் எதுவும் புழங்காத வீட்டில், தன்னை ஒருவர் விரும்புகிறார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். மற்றப் பெண்களுக்குப் புருசன்மார் சேலை வாங்கிக் கொடுத்தார்கள். அவளுடைய புருசன் அவளுடைய வயிற்றுச் சத்தத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். இதை யாரிடம் போய்ப் பெருமையாகச் சொல்வது?

"அக்கா, இண்டைக்கும் ஒண்டும் கேக்கல்லயா?" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த மஷூர் கேட்டார். மாளிகாவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் மனிதர். ஹேர்னியாவுக்கு வெட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஹியூபேட்டுக்குத் தண்ணீர் நிறுத்திய நாளிலிருந்து அவர் தன் தேத்தண்ணியைச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடிப்பார். ஐயா பாத்துக்கொண்டீக்க குடிச்சா தொண்டக்குள்ள எறங்குதில்ல என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார்.

மாக்ரெட் இல்லை என்று தலையசைத்தாள்.

ஹியூபேட் கண்ணைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்குத் தண்ணீரைத் தவிர வேறு கதை இல்லை. வாட்டின் கடைசியில் யாரோ பைப்பைத் திறந்தால் அவருக்குக் கேட்கும். துறைமுகக் கன்டீனில் ஐஸ் போட்டுக் கொடுக்கும் ஜிஞ்சர் பியரின் ருசியை விடிந்ததிலிருந்து வர்ணித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க மாக்ரெட்டின் வாயும் காய்ந்தது. அவளும் அன்றைக்கு ஒருசந்தி, ஒருநேரச் சாப்பாட்டு விரதம். அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு, விடியப்புறமே கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, ஒன்றும் வாயில் வைக்காமல் அங்கிருந்து நேரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். இது ஹியூபேட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் கோபிப்பார். போன தபசு காலத்தில் ஒருசந்தி இருந்து கோயில் படியில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். இனி உந்த விளையாட்டு வேண்டாம் என்று அப்போதே தடுத்திருந்தார். அந்தோனியார் பொறுத்துக்கொள்வார், தன்னால் பொறுக்க ஏலாது என்றார்.

நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்து வாசலைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆளாக உள்ளே வந்தது மச்சாள் றஞ்சிதம். வெள்ளவத்தையிலிருந்து வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, நேர்ஸின் மேசையைத் தாண்டும்போது மட்டும் நடையை மாற்றிக்கொண்டு வந்தாள். மாக்ரெட்டுக்கு அந்த நடையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தலைப்புக்குள்ளே ஃபிளாஸ்க் இருந்தது.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது றஞ்சிதத்தின் குடும்பத்தில் இல்லை. பிரசவமோ, அப்பென்டிசைட்டிஸோ, கால் முறிவோ, ஆஸ்பத்திரி என்றால் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க் என்றால் ஆட்டெலும்பு சூப். சாப்பாட்டை நிறுத்தி மனுசரைச் சுகப்படுத்துகிற வைத்தியத்தை அவள் கேள்விப்பட்டதில்லை. முதல்நாளும் கொண்டுவந்து நேர்ஸிடம் பேச்சு வாங்கியிருந்தாள்.

ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டி இருந்துகொண்டு, தம்பியின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சிவானந்தன் சின்னப் பொடியன் என்றும், அவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்றும், புதுக்கடைக் கோர்ட்டில் தன் மருமகனோடு வேலை செய்கிற புரக்டருடைய மாமாவுக்கு இதே ஒப்பரேஷன் செய்து மறுநாளே கஞ்சி கொடுத்தார்கள் என்றும் சொல்லிக்கொண்டே போனாள். ஹியூபேட் ஃபிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழியில ஊத்துப்பட்டுதோ தெரியேல்லை," என்று சொல்லி றஞ்சிதம் அதன் மூடியைக் கொஞ்சம் திருகினாள்.

மிளகும் மல்லியும் எலும்புக்குள் இருந்து கரைந்த கொழுப்பும் சேர்ந்த அந்த வாசம் ஆவியோடு மேலே வந்தது. மாக்ரெட் அப்போது பஞ்சை நனைத்து ஹியூபேட்டின் உதட்டைத் துடைப்பதற்காகக் கட்டிலின் மேல் குனிந்திருந்தாள். வாசம் மூக்கில் ஏறியதுதான் தெரியும். துறைமுக மேடையின் பலகையில் பீப்பாய் உருட்டுகிற மாதிரி அடியிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. உருண்டு, ஒரு முடக்கில் திரும்பி, மெலிந்து, கடைசியில் ஒரு கேள்வி மாதிரி மேலே போய் நின்றது.

றஞ்சிதம் ஃபிளாஸ்கைப் பிடித்தபடியே உறைந்துபோனாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் நிரம்பியது.

"கேட்டிச்சா?" என்று மஷூர் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். "ஐயாட வகுறு பேசிட்டு. அல்ஹம்துலில்லாஹ்."

ஹியூபேட்டின் சேலைன் இல்லாத கை போர்வைக்கு மேலே போய், வயிற்றை மெல்லத் தட்டியது.

"என்ரைதான்," என்றார்.

குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. றஞ்சிதம் அதற்குள் ஃபிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

மாக்ரெட் குனிந்தபடியே இருந்தாள். அவருடைய முகமும் அவளுடைய முகமும் மிகக் கிட்ட இருந்தன. அவர் கண்ணை அவள் பார்த்தாள். அவருக்குத் தெரியும் என்பது அதில் எழுதியிருந்தது. கை பழக்கத்தில் போனது உண்மைதான். ஆனால் போன கையை அவர் திரும்ப எடுக்கவில்லை. கோயிலில் எத்தனையோ தடவை அவளுக்காகக் குனிந்த தலை இப்போது தலையணையில் கிடந்தபடி அவளிடம் ஒன்றைக் கேட்டது. நீ பேசாமல் இரு. அவ்வளவுதான். நான் பேசாமல் இருந்த மாதிரி.

பேசாமல் இருப்பது எவ்வளவு சுகமான காரியம் என்று அவளுக்கு அந்த நொடியில் தோன்றியது. அது தன் வயிறு என்று சொன்னால் ஒருசந்தி வெளியே வரும். பக்கத்துக் கட்டில்காரருக்கு முன்னால், மச்சாளுக்கு முன்னால், ஒரு பெண் இப்படிச் சத்தம் போட்டாள் என்பது வெளியே வரும். அதைவிட, அவரைப் பொய்யர் ஆக்குவது தன் வாயாகவே இருக்கும். ஒரு நாளாவது அவர் அவளை அப்படி விட்டுக்கொடுத்தாரா? அதுவுமல்லாமல், யாருக்குத் தெரியும், ஒருவேளை இரண்டு வயிறும் ஒன்றாகவே இரைந்திருக்கலாம் அல்லவா? அப்படி இருக்கக்கூடாதா? அந்தச் சின்ன நப்பாசையை அவள் தனக்குள்ளே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சூப்பைத் தன் கையாலேயே அவருக்குப் பருக்கலாம். அவர் கண் மூடி அந்த முதல் மிடறை விழுங்குவதைப் பார்க்கலாம். அதைப் பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை.

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். போர்வையை விலக்கினாள். கட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டர் இல்லாத இடத்தில், தன் காதை அவருடைய வயிற்றின் மேல் வைத்தாள்.

பட்டப்பகலில், வாட்டு நிறையச் சனம் இருக்கும்போது, ஒரு பெண் புருசனுடைய வயிற்றில் தலை வைத்துக் கிடந்தாள். எதிர்க் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். மஷூர் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மாக்ரெட் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த வயிற்றை இத்தனை வருஷமும் ஊரோடு சேர்ந்து தூர இருந்துதான் கேட்டிருக்கிறாள். காதை வைத்துக் கேட்டதில்லை. தோல் சூடாக இருந்தது. மருந்து மணத்தது. அவருடைய மூச்சு ஏறி இறங்க அவளுடைய தலையும் ஏறி இறங்கியது. தன் காதுக்குள் தன் இரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். எல்லோரும் வெளியே போய்விட்ட வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

நிமிர்ந்தபோது அவளுடைய கொண்டை அவிழ்ந்திருந்தது. அதை முடிந்துகொண்டே சொன்னாள்.

"அது இவரின்ரை வயிறில்லை மச்சாள். என்ரை."

றஞ்சிதத்துக்கு முதலில் விளங்கவில்லை. "உன்ரையோ?"

"ஓம். நான் காலமையிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. ஒருசந்தி."

"அவன் தன்ரை எண்டு சொல்றான்."

"அவர் எப்பவும் அப்படித்தான் சொல்றவர்," என்றாள் மாக்ரெட். சொல்லிவிட்டு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "கோயில்லயும் பாதி நாள் என்ரைதான் மச்சாள். ஆண்டகை வந்த அண்டைக்கும்."

றஞ்சிதம் தம்பியைப் பார்த்தாள், தம்பி பெண்சாதியைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த மூடியைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"நான் இவனைப் பேசாத பேச்சில்லையே," என்றாள். "பூச்சி மருந்தும் எல்லோ குடுத்தனான். கசக்குது கசக்குது எண்டு முகத்தைச் சுழிச்சுச் சுழிச்சுக் குடிச்சவன். வாயைத் திறந்து சொன்னானோ, பார், வம்பன்."

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த மஷூரின் முதுகு குலுங்கியது. தையல் இழுத்ததோ என்னவோ, "யா அல்லாஹ்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாக்ரெட்டுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பயந்த அளவுக்கு இல்லை. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை காலம் கைப்பையை வயிற்றோடு அழுத்தினோம் என்று இருந்தது.

நேர்ஸ் மேசையிலிருந்து எழும்புவது தெரிந்தது. றஞ்சிதம் மூடியில் இருந்த சூப்பை அவசரமாக ஃபிளாஸ்குக்குள் திருப்பி ஊற்றி, திருகி, தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள். ஒரு மிடறு கொடுத்தால் என்ன என்று கேட்க வாயெடுத்தவள், மாக்ரெட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மணி அடிக்கும்வரை வேறு கதைகளைக் கதைத்தாள். புறப்படும்போது மாக்ரெட்டின் கன்னத்தைத் தொட்டு, இரண்டு பேரில் ஒருவராவது சாப்பிட வேண்டும் என்றும், பொழுது பட்டதும் எதையாவது வாயில் வைக்காவிட்டால் அந்தோனியாரோடு தானே நேரில் போய்ச் சண்டை பிடிப்பேன் என்றும் சொல்லிவிட்டு, அதே நடையோடு நேர்ஸைத் தாண்டிப் போனாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போனதும் வாட்டு அமைதியானது. விசேஷ அனுமதியில் மாக்ரெட் மட்டும் இருந்தாள். ஹியூபேட் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நித்திரை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கோபம் என்றால் அவர் இப்படித்தான் இமையை இறுக்கிக்கொள்வார்.

"ஒருசந்தி வேண்டாமெண்டு நான் சொன்னனான் எல்லோ," என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஓம், சொன்னனீங்கள்."

"நான் சொன்னதைக் கேக்கேல்லை."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். கண்ணின் ஓரத்தில் ஈரம் இருந்தது. அந்த உடம்பில் இன்னும் அவ்வளவு தண்ணீர் மிச்சம் இருந்ததா என்று அவளுக்குத் தோன்றியது.

"மெகி, இனி டொக்டர் வருவார். கேட்டது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. கரண்டியால ரெண்டு தண்ணி. அதுக்கு மேல கேக்கமாட்டன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் உனக்காக எத்தனை தரம் சொல்லியிருப்பன்."

இவ்வளவு காலத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். பார்வையைக் கூரைப்பக்கம் கொண்டுபோனார். மாக்ரெட் அதை மனதுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். வலிக்கும் என்று எதிர்பார்த்தாள், வலிக்கவில்லை. இது அவர் பேசுவதில்லை, தாகம் பேசுகிறது. தாகத்தின் வாயில் எது அகப்பட்டாலும் அதைப் பிடித்து ஆட்டும். ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை. எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். அவர் அவளுக்குக் கொடுத்தது ஒரு வெட்கத்தை மறைக்கும் துணி. இப்போது கேட்பதும் பார்வைக்கு அதே துணி மாதிரித்தான் இருக்கிறது. அதைக் கொடுக்காத கையை நன்றி கெட்ட கை என்று அவர் இன்றைக்கு நினைக்கலாம், நாளைக்கும் நினைக்கலாம். நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும்.

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய விரல்கள் அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தன.

வாட்டின் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவானந்தன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து வந்தார். மஷூரின் கட்டிலில் நின்று இரண்டு வார்த்தை பேசினார். மஷூர் ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டொக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். பகல் முழுக்க ஓடித்திரிந்த களைப்பு அவருடைய முகத்தில் இருந்தது. நல்ல செய்தி ஒன்றைக் கேட்க அவருக்கும் ஆசை இருந்தது தெரிந்தது.

"என்ன அக்கா, ஏதும் கேட்டதோ?"

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. அவள் அந்த விரல்களை விலக்கவில்லை.

"இல்லை டொக்டர்," என்றாள் மாக்ரெட். "இன்னும் கேக்கேல்லை."